தைராய்டு மாத்திரை மூளைக்குப் போகிறதா? டி4, டி3 பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு 61 வயது, தைராய்டு சுரப்பு குறைவு, பலதுறை மருந்தகத்தில் லெவோதைராக்சின் (டி4 ஹார்மோன் மாத்திரை) கொடுக்கிறார்கள், டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) இப்போது சரியான அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் "தலை மந்தமாவே இருக்கு, பேரெல்லாம் சட்டுனு வரமாட்டேங்குது" என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ, "டி4 மாத்திரை மூளைக்குள் போகாது, டி3 மட்டும்தான் போகும், அதை வாங்கிக் கொடு" என்று அனுப்பியிருக்கிறார். தங்கையும் இதே மாத்திரையில் இருக்கிறார், இப்போது கர்ப்பம், அவரும் மாற்ற வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

வாட்ஸ்அப்பில் வந்தது தவறு, அதுவும் கிட்டத்தட்ட தலைகீழாகத் தவறு. மூளை முதலில் நம்பியிருப்பதே டி4-ஐத்தான். ஆனால் உங்கள் சந்தேகத்துக்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது: இரத்தத்தில் இருக்கும் அளவும் மூளைக்குள் இருக்கும் அளவும் ஒன்றா? ஒன்றில்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை, இந்த ஹார்மோன்கள் செல்லுக்குள் எப்படிப் போகின்றன என்று பார்க்கும் ஆய்வகப் பக்கத்து ஆள். அதனால் மாத்திரை அளவு பற்றிய முடிவை அம்மாவின் டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் அடிப்படை. தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளியே விடுவது டி4, அதாவது நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது. அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட அயோடினைக் கழற்றினால் டி3. செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பியோடு சேர்ந்து உண்மையில் வேலை செய்வது டி3. இரத்தத்தில் இரண்டும் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை, டி4-இல் 99.9 விழுக்காட்டுக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது, டி3-உம் ஏறக்குறைய அப்படித்தான். ஒட்டாமல் இருக்கும் அந்தத் துளியூண்டு பகுதிதான் செல்களுக்குள் போகத் தயாராக இருப்பது. பரிசோதனைச் சீட்டில் "ஃப்ரீ டி4" என்று இருக்கிறதே, அது இதுதான்.

சரி, அந்தத் துளி எப்படி உள்ளே போகிறது? ரொம்ப காலம் எல்லோரும் நம்பியது, இது சிறிய மூலக்கூறு, கொழுப்பில் கரையக்கூடியது, செல்லின் சவ்வும் கொழுப்பு, எனவே தானாகவே கசிந்து போய்விடும் என்று. பாடப்புத்தகங்களில் ஸ்டீராய்டு ஹார்மோன்களோடு சேர்த்து ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இவை அமினோ அமிலத்திலிருந்து, டைரோசினிலிருந்து, பிறந்தவை. ஒரு முனையில் மின்னூட்டம் இருக்கிறது, அது கொழுப்புச் சவ்வைக் கடப்பதைத் தடுக்கிறது. 1978-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எலியின் கல்லீரல் செல்களை வைத்துச் சோதித்தபோது, செல்லின் ஆற்றலைக் குறைத்தால் ஹார்மோன் உள்ளே போவதும் குறைந்தது, ஓர் அளவுக்கு மேல் வெளியில் ஹார்மோனைக் கூட்டினாலும் போகும் வேகம் கூடவில்லை. தானாகக் கசிகிற பொருளாக இருந்தால் இப்படி நடக்காது. சவ்வில் ஏதோ ஒரு புரதம் பிடித்து உள்ளே விடுகிறது என்று அர்த்தம். அந்தப் புரதம் எது என்று உறுதியாகக் காட்ட மட்டும் இன்னும் 25 வருடம் ஆனது, அதுவும் அதே ராட்டர்டாம் குழுதான் காட்டியது.

மூளை விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்களுக்கு நடுவே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையில் அந்தச் செல்கள் இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும், வெளிப்பக்கம் ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்களின் பாதங்கள் சுற்றிப் போர்த்தியிருக்கும். இதைத்தான் இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். இதைக் கடக்க வேண்டுமென்றால் அந்தச் சுவர்ச் செல்லின் ஒரு பக்கச் சவ்வு வழியாக உள்ளே போய், மறுபக்கச் சவ்வு வழியாக வெளியே வந்து, பிறகு நரம்புச் செல்லின் சவ்வையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு சவ்விலும் கடத்திப் புரதம் வேண்டும்.

2003-இல் அந்தக் குழு எம்சிடி8 என்ற புரதத்தின் வேலையைக் கண்டுபிடித்தது. மரபணு ஏற்கெனவே 1994-இலேயே கண்டெடுக்கப்பட்டிருந்தது, எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருந்தது, எதற்கு என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. இதன் உறவுக்காரப் புரதங்கள் லாக்டேட் போன்ற மோனோகார்பாக்சிலேட்டுகளைக் கடத்துபவை; எம்சிடி (மோனோகார்பாக்சிலேட் கடத்தி) என்ற குடும்பப் பெயரும் அதை வைத்துத்தான். ஆனால் இது லாக்டேட்டைத் தொடுவதே இல்லை. ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் இந்தப் புரதத்தை உருவாக்க வைத்து, டி4, டி3 இரண்டையும் கொடுத்தால், சாதாரண முட்டையைவிடப் பல மடங்கு வேகமாக உள்ளே இழுத்தது. இந்தச் சோதனை எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதில் வளைத்துப் பேச இடமே இல்லை.

உண்மையான ஆதாரம் அடுத்த வருடம் வந்தது, அது தவளை முட்டையிலிருந்து வரவில்லை, குழந்தைகளிடமிருந்து வந்தது. 2004-இல் ராட்டர்டாம் குழுவும் சிகாகோவில் ஒரு குழுவும் தனித்தனியாக, எம்சிடி8 மரபணுவில் பிழை உள்ள சிறுவர்களைப் பற்றி எழுதின. பிறக்கும்போது பார்க்க ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் கழுத்து நிற்கவில்லை, உடம்பு துவண்டு கிடக்கிறது, பிறகு கைகால்கள் விறைக்கின்றன, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு வருவதே இல்லை, நடப்பதும் இல்லை. இப்படி ஆண் பிள்ளைகள் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தை ஆலன், ஹெர்ண்டன், டட்லி என்ற மூன்று பேர் அமெரிக்காவில் 1944-லேயே விவரித்திருந்தார்கள். அந்த நோய்க்கும் இந்த மரபணுவுக்கும் முடிச்சுப் போட்டது 2005-இல்தான். எக்ஸ் குரோமோசோம் என்பதால் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண் பிள்ளைகள், தாய்க்கு மரபணுப் பிழை இருந்தாலும் நோய் இருக்காது.

இவர்களின் இரத்தப் பரிசோதனைதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். டி3 மிக அதிகம். டி4 குறைவு. டிஎஸ்எச் சாதாரணம், அல்லது கொஞ்சம்தான் கூடுதல். டி3 அதிகமாக இருப்பதால் இதயம் படபடவென்று அடிக்கிறது, எடை ஏறவே ஏறாது, தசை கரைகிறது, அதாவது கல்லீரலுக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் அளவுக்கு மீறிக் கிடைக்கிறது, ஏனென்றால் அங்கெல்லாம் வேறு கடத்திகள் உண்டு. அதே நேரத்தில் மூளை ஹார்மோன் இல்லாமல் தவிக்கிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு எதிர்நிலைகள். இரத்தத்தில் டி3 ஏராளமாக ஓடுவதால் மட்டும் மூளைக்கு ஒன்றும் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டாம். 2020-இல் 151 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு வந்தது. அதில் இடைநிலை ஆயுட்காலம் 35 வருடம் என்று இருந்தது. இவர்களுக்கு வெறும் டி4 மாத்திரையோ டி3 மாத்திரையோ கொடுத்தால் மூளைக்கு உதவாது, இதயத்தின் பாடு இன்னும் மோசமாகும். டிராட்ரிகால் என்ற ஒரு மருந்து டி3 மாதிரியே வேலை செய்யும், ஆனால் செல்லுக்குள் போக எம்சிடி8 தேவையில்லை. 2019-இல் வெளியான சோதனையில் அது இரத்தத்தில் டி3-ஐக் கீழே கொண்டுவந்தது, எடையும் இதயத் துடிப்பும் சீரடைந்தன. 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. உடம்பின் பக்கத் தொல்லையை அது குறைக்கிறது, ஆனால் மூளை வளர்ச்சியில் ஏற்கெனவே நடந்துவிட்ட இழப்பை ஈடுகட்டவில்லை. கருவிலேயே தொடங்கிவிடும் பிரச்சினை இது.

இங்கே ஓர் இடைச்செருகல். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் டிஎஸ்எச் பார்க்கிறார்கள், பிறவித் தைராய்டுக் குறைவைப் பிடிப்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் எம்சிடி8 குறைபாட்டில் டிஎஸ்எச் சாதாரணமாக இருப்பதால் அந்த வலையில் இது சிக்காது. ஆண் குழந்தை காரணம் தெரியாமல் துவண்டு கிடந்து, எடையும் ஏறாமல் இருந்தால், குழந்தை நல மருத்துவரிடம் "டி3 பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. வழக்கமான பரிசோதனைச் சீட்டில் டி3 பல நேரம் இருக்காது.

அப்புறம் எலிகள். எம்சிடி8 மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கியபோது எல்லோரும் குழம்பிப் போனார்கள். இரத்தத்தில் டி3 அதிகம், டி4 குறைவு, எல்லாம் அந்தச் சிறுவர்களைப் போலவே. ஆனால் எலி சாதாரணமாக ஓடித் திரிகிறது! காரணம், எலியின் மூளைக் குழாய்ச் சுவரில் ஓஏடிபி1சி1 என்ற இன்னொரு கடத்தி நிறைய இருக்கிறது, அது டி4-ஐ விரும்பி எடுத்து உள்ளே விடுகிறது. உள்ளே போன டி4-ஐ மூளை டி3 ஆக்கிக்கொள்கிறது, எலி தப்பித்துக்கொள்கிறது. 2014-இல் இரண்டு மரபணுக்களையும் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள், அப்போதுதான் மூளையில் ஹார்மோன் வறண்டு, நடையும் மூளை வளர்ச்சியும் கெட்டன. மனிதர்களின் மூளைக் குழாய்ச் சுவரில் இந்த இரண்டாவது கடத்தி மிகக் குறைவு, எனவே எம்சிடி8 போனால் நமக்கு மாற்று வழி கிடையாது. எலியில் ஒரு மருந்து வேலை செய்தது என்று செய்தி வந்தால் நான் உடனே துள்ளிக் குதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக நமக்கு ஓஏடிபி1சி1 முக்கியமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது குறைந்த ஒரு சிறுமியைப் பற்றி 2018-இல் ஓர் அறிக்கை வந்தது, முதலில் ஓரளவு இயல்பாக வளர்ந்து பின்னர் படிப்படியாகத் திறன்களை இழந்தவர்.

இப்போது "மூளை டி3 ஆக்கிக்கொள்கிறது" என்று போகிற போக்கில் சொன்னேனே, வாட்ஸ்அப் செய்தி கோட்டை விட்ட இடம் அதுதான். கடையில் ரெடிமேட் மாவு கிடைத்தாலும் சில வீடுகளில் அரிசி வாங்கி வந்து தாங்களே அரைத்துக்கொள்வார்கள், எவ்வளவு வேண்டும், எவ்வளவு பதம் என்று அவர்கள் கையிலேயே இருக்கும். மூளை அப்படிப்பட்ட வீடு. தடுப்பைக் கடந்து வரும் டி4-ஐ ஆஸ்ட்ரோசைட்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் இரண்டாம் வகை டிஅயோடினேஸ் என்ற நொதி இருக்கிறது, செலினியம் கொண்ட நொதி, அது ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. அந்த டி3 ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து வெளியே வந்து, நரம்புச் செல்லின் எம்சிடி8 வழியாக உள்ளே போய், உட்கருவில் ஏற்பியோடு சேருகிறது. எலியின் பெருமூளைப் புறணியில் ஏற்பிகளில் ஒட்டியிருக்கும் டி3-இல் ஏறக்குறைய 80 விழுக்காடு இப்படி அங்கேயே தயாரானது என்று 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள். கல்லீரலில் நிலைமை இதற்கு எதிர், அங்கே பெரும்பகுதி இரத்தத்திலிருந்து வந்த டி3.

நரம்புச் செல்களில் இதற்கு எதிர்வேலை செய்யும் மூன்றாம் வகை டிஅயோடினேஸ் இருக்கிறது. அது டி3-ஐயும் டி4-ஐயும் செயலற்றவையாக மாற்றிவிடும். இரத்தத்தில் டி4 குறைந்தால் ஆஸ்ட்ரோசைட்டின் நொதி கூடும், நரம்புச் செல்லின் நொதி குறையும், கூடினால் எதிர்மாறு. அதனால்தான் லேசான ஏற்ற இறக்கங்களில் மூளையின் டி3 பெரிதாக ஆடுவதில்லை.

மூளைத் தண்டுவட நீர் வழியாகவும் கொஞ்சம் போகிறது. அந்த நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தை ஏராளமாகத் தயாரிக்கிறது, டி4 அதோடு ஒட்டிக்கொள்ளும். இதுவே பிரதான வழி என்று ஒரு காலத்தில் பேசினார்கள். அந்தப் புரதமே இல்லாத எலிகளின் மூளை நன்றாகவே இருந்ததால் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அம்மாவிடம் வருவோம். அம்மாவுக்கு எம்சிடி8 பிரச்சினை இல்லை. இருந்திருந்தால் அது 61 வயதில் தெரிய வராது. எனவே மாத்திரை மூளைக்குப் போகிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் "டிஎஸ்எச் சரி, அதனால் மூளையும் சரி" என்பது முழுதாகச் சரியா என்றால், அங்கே ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. டிஎஸ்எச் சொல்வது மூளையின் அடியில் இருந்து தைராய்டைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் என்ன பார்க்கின்றன என்பதை மட்டும். 2015-இல் எலிகளில் ஒரு விஷயம் காட்டினார்கள்: டி4 அதிகமாக வரும்போது மற்ற மூளைப் பகுதிகளில் அந்த இரண்டாம் வகை நொதி சீக்கிரம் அழிக்கப்படுகிறது, ஹைபோதலாமஸில் மட்டும் அவ்வளவாக அழிக்கப்படுவதில்லை. அதனால் சுரப்பியை எடுத்துவிட்டு டி4 மட்டும் கொடுத்த எலிகளில் டிஎஸ்எச் சரியாகிவிட்டது, ஆனால் மூளையின் சில பகுதிகளில் குறைவின் அடையாளங்கள் மிஞ்சின. அந்த நொதியின் மரபணுவில் ஒரு பரவலான மாறுபாடும் உண்டு. அது உள்ளவர்கள் சிலருக்கு டி4 மட்டும் போதவில்லையோ என்று 2009-இல் ஓர் ஆய்வு கேட்டது, பிறகு வந்தவை ஒரே குரலில் பேசவில்லை. டி4-ஓடு டி3-ஐச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பெரும்பாலானவை சராசரியாகத் தெளிவான பலன் காட்டவில்லை, ஆனால் சில நோயாளிகள் அந்தக் கலவையையே விரும்பினார்கள். என் கணிப்பில், ஒரு சிறு கூட்டத்துக்கு அது உண்மையிலேயே உதவலாம். யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இன்னும் நம் கையில் இல்லை.

அதற்காக டி3-ஐத் தானாக வாங்கிப் போடக் கூடாது. டி4-இன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம், அதனால் இரத்தத்தில் சமமாக நிற்கும். டி3 ஒரு நாளிலேயே பாதியாகிவிடும், மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த உச்சத்தை முதலில் உணர்வது மூளை அல்ல, இதயம். 61 வயதில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவதும் எலும்பு தேய்வதும் உண்மையான ஆபத்துகள். டாக்டரே பார்த்து, சிறிய அளவில், நாள் கணக்கு வைத்துக் கொடுத்தால் அது வேறு கதை.

அதற்கு முன்னால் எளிமையானவற்றைப் பாருங்கள், ஏனென்றால் நான் கேள்விப்படும் "தலை மந்தம்" கதைகளில் பாதி இங்கேயே முடிந்துவிடும். மாத்திரையை எதோடு போடுகிறார்? காலையில் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து கோப்பியோடு விழுங்கினால் கணிசமான பகுதி குடலிலேயே நின்றுவிடும், சோயா பாலும் அப்படியே. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றதெல்லாம். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுகிறாரா? அது சில பரிசோதனை முறைகளில் டிஎஸ்எச்சைத் தவறாகக் குறைத்துக் காட்டும், எனவே இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பு நிறுத்தச் சொல்வார்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுத்தாலோ, சைவமாக இருந்தாலோ பி12 அளவைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் இதே மறதிதான். இரத்தசோகை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கம், மனச்சோர்வு, இவையும் வரிசையில் உண்டு. இன்னொன்று, அளவை மாற்றினால் இரத்தத்தில் நிலைக்கவே ஆறு வாரம் ஆகும், தலை தெளிய அதற்கும் மேல் ஆகலாம்.

தங்கை விஷயத்தில் பதில் இன்னும் கறாரானது: டி3-க்கு மாறவே கூடாது. கருவின் தைராய்டு 12-ஆவது வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது, போதுமான அளவு சுரக்க இன்னும் பல வாரம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை நம்பியிருப்பது தாயின் டி4-ஐ. கருவின் இரத்தத்தில் டி3 வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது, மூளைக்குத் தேவையான டி3-ஐ அது தாயிடமிருந்து வந்த டி4-இலிருந்து தானே செய்துகொள்கிறது. தாய் டி4-க்குப் பதில் டி3 எடுத்தால் தாயின் டிஎஸ்எச் அழகாகத் தெரியும், கருவின் மூளைக்கு மட்டும் மூலப்பொருள் குறையும். விலங்குகளின் சுரப்பியைக் காயவைத்துச் செய்யும் மாத்திரைகளையும் இதே காரணத்துக்காகக் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள், அவற்றில் டி3-இன் பங்கு மனிதத் தேவைக்கு மிக அதிகம்.

மாறாக, கர்ப்பத்தில் டி4 தேவை பெரும்பாலும் 25 முதல் 50 விழுக்காடு வரை கூடும், அதுவும் முதல் சில வாரங்களிலேயே. எனவே அடுத்த மகப்பேறு சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ தன் டாக்டருக்கோ ஃபோன் செய்து கர்ப்பம் என்று சொல்லி டிஎஸ்எச் பார்க்கச் சொல்லட்டும், பாதிக் கர்ப்பம் வரை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கான விட்டமின் மாத்திரையில் இரும்பும் கால்சியமும் இருக்கும், அதைத் தைராய்டு மாத்திரையோடு காலையில் சேர்த்துப் போடாமல் மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்த விட்டமினில் அயோடின் இருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பிப் பார்ப்பதும் நல்லது, கர்ப்பத்தில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 250 மைக்ரோகிராம்.